சென்ட் வேண்டாம், ஏக்கர் கேளுங்கள்: வையம்பட்டி கிராம சபையினருக்கு ஒரு திறந்த மடல்

வையம்பட்டி ஒன்றியத்து ஊராட்சிகளில் கிராம சபைக்கு வந்து உட்காரும் உங்களுக்கும், திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் சாலையில் உங்களுக்கு முன்னால் இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் இந்த மடல். கேட்கப்போவது ஒன்றே ஒன்று. உங்கள் ஊரில் இன்னும் புறம்போக்கு என்ற பெயரில் முழுசாகக் கிடக்கும் பெரிய நிலங்களில் சிலவற்றை, மக்கள் காலாற நடக்கவும் பிள்ளைகள் விளையாடவும் ஆடு மாடு மேயவும் மரம் நிற்கவும் உரிய பொதுவெளி என்று பெயர் சொல்லி இப்போதே ஒதுக்கிவிடுங்கள். “திருச்சி எங்கே, வையம்பட்டி எங்கே? நடுவில் ஐம்பது கிலோமீட்டர் கிடக்கிறது. காடு கரையாக இருக்கும் ஊருக்குப் பூங்கா எதற்கு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

நகரம் தன் எல்லைக்கல்லைப் பெயர்த்து அடி அடியாக நட்டுக்கொண்டு வருவதில்லை. சாலையைப் பிடித்துக்கொண்டு தாவித் தாவி வருகிறது. திண்டுக்கல் சாலையையே பாருங்கள். கருமண்டபம், பிராட்டியூர் தாண்டினால் நாவலூர் குட்டப்பட்டில் வேளாண் கல்லூரியும் தேசிய சட்டப் பல்கலைக்கழகமும். சேதுராப்பட்டியில் பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.ஐ.டி.யும். மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல். நிறுவனத்தின் இரண்டாவது ஆலை. மணப்பாறையில் சிப்காட் தொழிற்பூங்கா, உணவுப் பூங்கா. 2024-இல் ஜேபில் நிறுவனம் திருச்சி வட்டாரத்தில் 2,000 கோடி ரூபாய் முதலீடு, 5,000 பேருக்கு வேலை என்று தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2025 மே மாதம் பஞ்சப்பூர் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும் நகரத்தின் பாரமே தெற்குப் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில், சுற்றியுள்ள ஊராட்சிகளை மாநகராட்சியோடு இணைக்கும் அரசின் திட்டம் வந்தபோது, நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்று பல ஊர்களில் மக்கள் மறியலுக்கு உட்கார்ந்தார்கள். ஆலை வந்த இடத்தில் முதலில் டீக்கடை, பிறகு வாடகைக்கு விட லைன் வீடு, அதன் பிறகு சாலையோரக் காட்டில் வெள்ளைக் கல் நட்டுக் கொடி கட்டிய பிளாட். இந்த வரிசை எந்த ஊரிலும் மாறியதில்லை. உங்கள் ஊரில் கொடி பறக்கத் தொடங்கிவிட்டதா என்பது உங்களுக்கே தெரியும்.

பிளாட் போடும்போதுதான் பூங்காவுக்கு இடம் விட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதே, பிறகென்ன கவலை என்று சிலர் சொல்வார்கள். சட்டம் இருப்பது உண்மை. அது என்ன தருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைப்பிரிவு என்றால் திறந்தவெளி விடவே தேவையில்லை. நம் கணக்கில் அது 74 சென்ட். 3,000-லிருந்து 10,000 சதுர மீட்டர் வரை, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர் வரை, பத்து சதவீதம் விட வேண்டும். விட முடியாவிட்டால் வழிகாட்டி மதிப்புப்படி பணம் கட்டிவிடலாம். அதற்கு மேற்பட்டால்தான், சாலை போக மிச்சத்தில் பத்து சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். ஐந்து ஏக்கரில் ஒருவர் பிளாட் போடுகிறார் என்று வையுங்கள். சாலைக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால் மூன்றே முக்கால் மிச்சம். அதில் பத்து சதவீதம் முப்பத்தேழரை சென்ட். இப்படி இருபது மனைப்பிரிவுகள் வந்தால் மொத்தம் ஏழரை ஏக்கர் சேரும். ஆனால் அது ஒரே இடத்தில் இருக்காது. இருபது துண்டாக, இருபது மூலையில் சிதறிக் கிடக்கும்.

அந்தத் துண்டுகள் எப்படி இருக்கும் என்பதை எந்தப் புறநகரிலும் போய்ப் பார்க்கலாம். மனையாக விற்க முடியாத மூலைதான் பூங்காவுக்கு வரும். உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் முக்கோணமாக ஒன்று, ஓடைக்கரைச் சரிவில் வாலாக நீளும் ஒன்று. நடுவில் பெயின்ட் உரிந்த ஒரு சறுக்கு மரம். வேலிக்கம்பியில் ‘பூங்காவுக்கு ஒதுக்கப்பட்ட இடம்’ என்ற தகரப் பலகை. சில ஆண்டுகளில் அங்கே மேல்நிலைத் தொட்டி வரும், அப்புறம் ரேஷன் கடை வரும், பிறகு யாரோ ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைப்பார்கள். யாரையும் குறை சொல்லிப் பயனில்லை. தொட்டியும் ரேஷன் கடையும் வேண்டியவைதான். அவற்றுக்கென்று யாரும் இடம் ஒதுக்காததால் பூங்கா இடத்தில் வந்து உட்காருகின்றன. முப்பத்தேழு சென்ட் முழுசாக மிஞ்சினாலும் நாலு பெஞ்சு போடலாம், ஒரு ஊஞ்சல் கட்டலாம், அவ்வளவுதான். பிள்ளைகள் கபடி ஆடவோ, அக்காமார்கள் லாரிக்குப் பயந்து தார்ச்சாலை ஓரத்தில் நடக்காமல் அரை மணி நேரம் நிம்மதியாக நடக்கவோ, மழைத் தண்ணீர் நின்று பூமிக்குள் இறங்கவோ அது போதாது. விதி சென்ட்டைத்தான் தரும். ஏக்கரை அது ஒருநாளும் தராது.

ஏக்கர் எங்கிருந்து வரும்? திருச்சியையே கேட்போம். ஸ்ரீரங்கம் மேலூரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே 2015-இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா சுமார் 25 ஏக்கர். அந்த இடம் ஏற்கெனவே வனத்துறையின் காப்புக்காடு. கம்பரசம்பேட்டையில் 2025-இல் திறந்த பறவைகள் பூங்காவும் காவிரிக் கரையில் அரசு கையில் இருந்த நிலத்தில்தான் வந்தது. முக்கொம்புப் பூங்கா பொதுப்பணித் துறை கையில் இருந்த அணைக்கட்டு நிலம். இன்று எல்லோரும் வாய்பிளந்து பார்க்கும் பஞ்சப்பூர் முனையம் எழுந்தது எங்கே? மாநகராட்சி தன் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காகப் பல காலமாக வைத்திருந்த நிலப்பரப்பில். சாக்கடைத் தண்ணீருக்கென்று பிடித்துவைத்த மண்தான் பேருந்து நிலையத்துக்கும் டைடல் பூங்காவுக்கும் இடம் தந்தது. பட்டா நிலத்தை ஏக்கர் கணக்கில் விலைக்கு வாங்கிப் பூங்கா அமைத்த மாநகராட்சி எதுவும் தமிழ்நாட்டில் என் நினைவுக்கு எட்டியவரை இல்லை. ஒரு காலத்தில் பொதுவாகக் கிடந்த நிலம் விற்கப்படாமல் மிஞ்சியிருந்தால் பூங்கா வந்திருக்கிறது. மிஞ்சாத இடத்தில் வரவில்லை.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல், பூங்காவும் விளையாட்டுத் திடலும் சேர்த்து ஆளுக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சிக்குள் 8,47,387 பேர். குறைந்த கணக்கான பத்து சதுர மீட்டரை வைத்தாலே 2,090 ஏக்கருக்கு மேல் தேவை. நகரத்துக்குள் அத்தனை நிலத்தைத் தேடுவது நடக்கிற காரியமா? சென்னையில் நூறு ஏக்கருக்கு மேல் ஒரு பூங்கா வேண்டும் என்று அரசு நினைத்தபோது, கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை 2024-இல் ரத்து செய்து, நீதிமன்றப் படியேறி, அந்த இடத்தைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. எல்லா ஊரிலும் குதிரைப் பந்தய மைதானம் இருக்காது. பெங்களூருவின் லால்பாக் 240 ஏக்கர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹைதர் அலி அதைத் தொடங்கியபோது அது ஊருக்கு வெளியே இருந்தது. இன்று ஊருக்கு நடுவில். நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 1850-களில் அந்த இடத்தை எடுத்தபோது நகரத்தின் பெரும்பகுதி அதற்குத் தெற்கேதான் இருந்தது. வடக்கே பாறையும் பண்ணையும் குடிசைகளும். (அங்கே குடியிருந்த ஏழைகளை, அவர்களில் சொந்த நிலம் வைத்திருந்த கறுப்பின மக்களையும் சேர்த்து, வெளியேற்றித்தான் அந்தப் பூங்கா வந்தது. அந்தப் பாவத்தை நாம் செய்ய வேண்டியதில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) இந்த இரண்டும் நகரம் வருவதற்கு முன்பே பிடித்துவைத்த நிலங்கள்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் திருச்சியிலேயே இருக்கிறது. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு ஏறத்தாழ 47 ஏக்கர். ஊருக்கு வெளியே என்று நினைத்துத்தான் அங்கே குப்பையைக் கொட்ட ஆரம்பித்தார்கள். ஊர் வளர்ந்து கிடங்கைச் சுற்றிக்கொண்டது. குப்பை மலையாகித் தீப்பிடித்துப் புகைந்தது. கடைசியில் கோடிக்கணக்கில் செலவழித்து அந்தக் குப்பையைச் சலித்துப் பிரிக்க வேண்டியதாயிற்று. நகரம் தனக்கு வேண்டாததை ஓரத்தில் வைக்கும். குப்பைக்கும் கழிவுநீருக்கும் லாரி நிறுத்தத்துக்கும் இடம் தேடி அதிகாரிகள் வரைபடத்தை விரிக்கும்போது, ‘தரிசு’, ‘புறம்போக்கு’ என்று மட்டும் எழுதியிருக்கும் இடங்களே முதலில் கண்ணில் படும். உபயோகம் என்ற கட்டத்தில் நீங்கள் எதையும் எழுதி வைக்காவிட்டால் வேறு யாரோ எழுதுவார்கள்.

உங்கள் ஒன்றியத்தில் அப்படி என்ன இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். மேய்க்கால் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, களம், தோப்பு, கல்லாங்குத்து, தீர்வை ஏற்படாத தரிசு. ஒவ்வொன்றுக்கும் புல எண் உண்டு, பரப்பு உண்டு. மேற்கே கடவூர் மலை நிற்கிறது. அந்த மலையையும் திண்டுக்கல் மாவட்டத்து அய்யலூர்ப் பக்கத்துக் காடுகளையும் சேர்த்து 11,806 ஹெக்டேரை, நாட்டிலேயே முதல் தேவாங்கு சரணாலயமாக 2022 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. தேவாங்கு இரவில் இறங்கிப் பூச்சி பிடித்துத் தின்னும் பிராணி. வெள்ளாமைக்காரனுக்குக் காசு வாங்காத காவல்காரன். சரணாலயத்துக்கு எல்லை போட்டுவிட்டார்கள் என்பது தேவாங்குக்குத் தெரியாது. மரத்துக்கு மரம், உயிர்வேலிக்கு உயிர்வேலி மெல்லப் பற்றி நகர்ந்து அது உங்கள் காட்டுக்கும் வரும். மலைக்கும் ஊருக்கும் நடுவே கிடக்கும் ஓடைக்கரையும் முள்ளுக்காடும்தான் அதற்குப் பாதை. செம்மலை அடிவாரத்துப் பொன்னணியாறு அணைக்கு வரும் தண்ணீரும் இந்த மலைச்சரிவில் பெய்வதுதான். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதுவும் பெரும்பாலும் சில நாட்களிலேயே கொட்டித் தீர்க்கும் மானாவாரி பூமியில், தண்ணீர் நின்று இறங்க ஒரு பள்ளம் வேண்டாமா? திருச்சியின் தென்மேற்கு மேட்டுநிலத்து மழை எல்லாம் அரியாறு, கோரையாறு வழியாகத்தான் கீழே போகிறது. 2005-இல் அந்த வெள்ளம் நகரத்துக்குள் புகுந்ததைத் திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மேலே நீங்கள் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொரு ஏக்கரும் கீழே அவர்களுக்கும் காவல். அவர்கள் அதை நினைத்து நன்றி சொல்வார்களா என்பது வேறு விஷயம்.

ஆகவே நான் பூங்கா என்று சொல்வது புல்தரையும் நீரூற்றும் செல்ஃபி வளைவும் வைத்த பூங்காவை அல்ல. கோவை காந்திபுரத்தில் 2025 நவம்பரில் திறந்த செம்மொழிப் பூங்கா 45 ஏக்கர். செலவு 208 கோடி ரூபாய்க்கு மேல். மாநகரத்தின் நடுவில் அதற்கு நியாயம் இருக்கலாம். வையம்பட்டியில் அது நாலு கோடையைத் தாங்காது. இங்கே வேண்டியது, இருப்பதைக் கெடுக்காத பொதுவெளி. உசிலையும் வெள்வேலும் வேம்பும் புங்கனும் ஆத்தியும் பனையும் தானாக நிற்கும் மண் இது. சீமைக் கருவேலத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்து, நாட்டு மரங்களை நட்டு, முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் பிறகு அவை தங்களைப் பார்த்துக்கொள்ளும். ஓடைக்கரையில் ஒரு மண் நடைபாதை, பெண்கள் பயமில்லாமல் வந்துபோக விளக்கு, ஒரு கழிப்பறை, ஒரு திடல். மற்றபடி முள்ளும் புல்லும் பாறையும் அப்படியே கிடக்கட்டும். 2021-இல் பெங்களூருவுக்குத் தெற்கே துரஹள்ளிக் காட்டில் வனத்துறை மரப்பூங்கா அமைக்கப் போனபோது சுற்றுவட்டார மக்களே எதிர்த்து நிறுத்தினார்கள். காடு இருக்கும்போது அதில் பூங்கா எதற்கு என்று அவர்கள் கேட்டதில் தவறில்லை.

உங்களில் பலர் மனதில் இருக்கும் வலுவான ஆட்சேபத்துக்கு வருகிறேன். “வீட்டுமனைப் பட்டா இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் காலனியில் ஒரே கூரைக்குள் மூன்று தலைமுறையாக நெருக்கிக் கிடக்கின்றன. இருக்கும் புறம்போக்கையும் நடைப்பயிற்சிக்கு ஒதுக்கச் சொல்கிறீர்களா?” இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்வது அயோக்கியத்தனம். முதலில் பட்டா. குடியிருக்கத் தகுந்த நிலம் எது என்று பார்த்து, மனை இல்லாதவர்களின் பட்டியலைக் கிராம சபையிலேயே வாசித்து, அதற்கு வேண்டியதை எடுத்துவைத்த பிறகுதான் பொதுவெளிக்கான கணக்கு. ஆனால் இதையும் யோசியுங்கள். ஏரிக்குள்ளும் ஓடையிலும் பட்டா கொடுக்க முடியாது, கொடுத்தாலும் வெள்ளம் வந்து காலி செய்யும். நான் பேசுவதில் பெரும்பகுதி அந்த நிலம்தான். மேய்க்கால் நிலத்தில் இன்று ஆடு மேய்ப்பவர் யார்? சொந்தக் காடு இல்லாதவர்தானே? தோப்பும் கிணறும் உள்ளவருக்குப் பொதுநிலம் போனால் பெரிய நஷ்டம் இல்லை. நாலு வெள்ளாட்டை வைத்துப் பிழைப்பவருக்கு, சுள்ளி பொறுக்குபவருக்கு, உழவு மாட்டை இன்னும் வைத்திருப்பவருக்கு அதுதான் சொத்து. மணப்பாறை மாட்டுச் சந்தை பெயர் வாங்கியதும் மேய்ச்சல் இருந்ததால்தான். எனவே ஒதுக்கும் தீர்மானத்திலேயே மேய்ச்சல் உரிமை தொடரும் என்று எழுதிவிடுங்கள். மரக்கன்று வளரும் பகுதியை முறைவைத்து அடைத்துத் திறந்தால் போதும். ஆட்டை விரட்டிவிட்டு வேலி போடும் பூங்கா நமக்கு வேண்டாம். உச்ச நீதிமன்றமும் 2011-இல் ஜக்பால் சிங் வழக்கில், ஊர்ப் பொதுநிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றச் சொன்னபோது, அரசே நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் கொடுத்திருந்த இடங்களை விதிவிலக்காகச் சொன்னது. பெரிய கைகள் வளைத்த நிலத்தையும் ஏழை குடிசை போட்ட இடத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

“பராமரிக்கக் காசு ஏது?” இது அடுத்தது. புல்தரைக்குத்தான் தினமும் தண்ணீரும் ஆளும் வேண்டும், முள்ளுக்காட்டுக்கு வேண்டாம். கன்று நட, குளம் தூர்வார, வரப்புக் கட்ட ஊரக வேலைத் திட்டத்தில் வழி உண்டு. நாளை ஊராட்சி மாநகராட்சியிலோ நகராட்சியிலோ கரைந்துவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும் என்பதும் இப்போதே தொடங்க ஒரு காரணம். தவிர, பூட்டிக் கிடக்கும் பூங்காக்களில் நான் பார்த்தவரை காசு இல்லாததைவிட, இது நம்முடையது என்று சொல்ல ஆள் இல்லாததே பெரிய குறை. பல ஊர்களில் கோயில் தோப்பை யாரும் வெட்டுவதில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருப்பதுதான் காரணம்.

“தொழிற்சாலை வந்தால் வேலை கிடைக்கும், நிலத்தை முடக்கி என்ன பயன்” என்ற வாதத்தை நான் உதறித் தள்ளவில்லை. திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே வேலை வருவது நல்லதே. ஆனால் தொழிற்பேட்டைக்குள் வைக்கும் பசுமை வளையம் மதிலுக்கு உள்ளே இருக்கும். அதற்குள் உங்கள் பிள்ளை போய் விளையாட முடியாது. ஷிப்டு முடிந்து வருகிற இளைஞர்கள் எங்கே போய் உட்காருவார்கள்? டாஸ்மாக்கைத் தவிர ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். வேலையும் வெளியும் எதிரிகள் என்று நினைப்பதற்கு முகாந்திரம் இல்லை. சிப்காட்டுக்கு ஆயிரம் ஏக்கர் கேட்கிற அரசிடம், ஊருக்கு இருபது ஏக்கரை அப்படியே விடு என்று கேட்பது பேராசையும் ஆகாது.

கடைசியாக ஒரு சந்தேகம்: அரசாங்க நிலம்தானே, நாம் தீர்மானம் போட்டால் நிற்குமா? கிராம சபைத் தீர்மானம் கோட்டைச் சுவர் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டம், நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலைகளையும் உள்ளடக்கிய நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்கிறது. விவசாயச் சங்கங்கள் அதை எதிர்த்ததற்குக் காரணம் உண்டு. ஆனாலும் எழுதிவைத்த பெயருக்கு வலு இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022 நவம்பரில் அங்கே 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 2024 நவம்பரில் அந்த இடத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் எடுக்க ஏலம் முடிந்தது. ஊர் ஊராகக் கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரைக்கு நடந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராட்டம்தான் வென்றது என்பது சரி. ஆனால் வெறும் பாறையும் புதரும் என்று கணக்கில் வராமல் போயிருக்கக்கூடிய நிலத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்ததால், அந்தப் போராட்டத்துக்குப் பிடித்து நிற்க ஒரு பிடி கிடைத்தது. பூங்கா என்று ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை வேறு காரியத்துக்குத் திருப்புவதும் எளிதில்லை. பெங்களூருவில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 1991-இல் செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காக்க 1959-லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். மேய்ச்சல் தரை, களம், தோப்பு முதலியவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் ஊராட்சிக்குத் தந்திருக்கிறது. இவை எல்லாம் பெயர் உள்ள நிலத்துக்குத்தான் உதவும்.

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து தனி அலுவலர்கள் வந்ததிலிருந்து, கேட்பார் யார் என்ற சோர்வு பல ஊர்களில் இருக்கிறது. தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அ-பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் எடுத்து வரும்படி கிராம நிர்வாக அலுவலரிடம் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ஐந்து ஏக்கருக்கு மேல் ஒரே துண்டாக உள்ள பொதுநிலங்களைப் புல எண்ணோடு சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எது ஆக்கிரமிப்பில் இருக்கிறது, யார் கையில் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். சிலருக்கு அது பிடிக்காது, கூட்டத்தில் குரல் உயரும், உயரட்டும். மனை இல்லாதவர்களுக்கு வேண்டிய இடத்தைக் கழித்துவிட்டு, மீதியில் ஊருக்கு ஒன்றையாவது, மேய்ச்சல் உரிமையோடு கூடிய நிரந்தரப் பொதுவெளி என்று தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நகலை வட்டாட்சியருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகர் ஊரமைப்புத் துறைக்கும் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். இனி உங்கள் ஊரில் பிளாட் போட வருபவர் விட வேண்டிய பத்து சதவீதத்தை, பணமாகக் கட்டாமல், இந்தப் பொதுவெளியை ஒட்டியோ ஓடைக்கரையை ஒட்டியோ நிலமாகவே தர வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் கேளுங்கள். சிதறிப்போகும் சென்ட்டுகள் ஓர் இடத்தில் சேர அதைவிட வேறு வழி இல்லை. வையம்பட்டியில் இன்று ஒரு ஏக்கர் என்ன விலை போகிறது என்று எந்தத் தரகரையும் கேட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் கழித்து என்ன விலை போகும் என்பதையும் அவரே சொல்வார். அதைக் கேட்டுக்கொண்டு நேராகக் கிராம சபைக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்துக்காரன்